வெள்ளைக் கொழுப்பு

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். மஞ்சள் கொழுப்பைப் பார்த்த அன்றைக்கு நான் வாயைப் பொத்திக்கொண்டு இருந்திருந்தால், செப்டம்பரில் குளச்சலில் நின்று என் மனைவி டெல்சியின் பெட்டிக்குக் கயிறு கட்டியிருப்பேன்.

என் பெயர் நேசையன். ஷார்ஜா தொழில்பேட்டையில் இறைச்சி இறக்குமதி செய்யும் ஒரு கோல்டு ஸ்டோரில் வேலை. வெளியே நாற்பத்தைந்து டிகிரி கொதிக்கும். உள்ளே நாங்கள் கம்பளிக் கோட்டு போட்டு நடுங்குவோம். கல்யாணம் முடிந்த நாற்பத்தோராம் நாள் விமானம் ஏறியவன் நான். போன ஆகஸ்டில், இரண்டு வருட ஒப்பந்தம் முடிந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. பாஸ்போர்ட் மேனேஜர் மஹ்மூது காக்காவின் லாக்கரில் கிடக்கிறது.

டெல்சி நர்ஸ். குவைத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்து, செப்டம்பர் பன்னிரண்டாம் தேதிக்கு டிக்கெட் வந்திருந்தது. மூன்று வருட ஒப்பந்தம். அதற்குள் நான் ஊருக்குப் போகாவிட்டால், பிறகு அவளுக்கு லீவு கிடைக்கும்போது எனக்குக் கிடைக்காது, எனக்குக் கிடைக்கும்போது அவளுக்குக் கிடைக்காது. எங்கள் பக்கத்தில் இப்படியே நரைத்துப்போன எத்தனையோ ஜோடிகளை எனக்குத் தெரியும்.

"நீங்க வாறீங்களா, இல்லியா? ஒரு வார்த்த சொல்லுங்க," என்றாள் ஆகஸ்டு முதல் வாரம் போனில்.

"வருவேன் டெல்சி."

"இததான ஏழு மாசமா சொல்லுதீங்க."

காக்கா கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். காயல்பட்டினத்துக்காரர், அங்கே அண்ணனைக் காக்கா என்பார்கள்; தொழுகை தவறாதவர், பெருநாளைக்குப் பிரியாணி கொடுத்து அனுப்புவார். லீவு கேட்டால் மட்டும் காது கேட்காது. "நீ போயிட்டா பைசனுக்கு யாரு முத்திர குத்துவா தம்பி?" என்பார். அந்த இடத்தில்தான் நான் மாட்டிக்கொண்டேன்.

பைசன் என்பது அமெரிக்கக் காட்டெருமை. இரண்டு வருடத்துக்கு முன்னால் முதல் கண்டெய்னர் வந்தது. பெட்டியைப் பிரித்து, ஹோட்டல்களுக்குத் தகுந்தபடி துண்டு போட்டுப் பொதிவது எங்கள் வேலை. பாதி இறைச்சியில் கொழுப்பு மஞ்சளாக இருந்தது. குளச்சல் சந்தையில் பீஃப் வாங்கி வளர்ந்தவன் நான். மஞ்சள் கொழுப்பு என்றால் கிழட்டு மாடு என்பது எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். "காக்கா, கிழடை நம்ம தலையில கட்டிட்டானுவ," என்று கத்தி, நாற்பது பெட்டியைத் தனியே ஒதுக்கிவிட்டேன். அன்று டெலிவரி நின்றது.

மறுநாள் துபாய் ஹோட்டலின் வெள்ளைக்கார ஷெஃப் நேரே வந்தார். நான் ஒதுக்கிய பெட்டிகளைப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு பொறுமையாகச் சொன்னார். மஞ்சள் வயசால் வருவதல்ல, புல்லால் வருவது. கடைசிவரை புல்வெளியில் நடந்து மேய்ந்த மிருகத்துக்குக் கொழுப்பு குறைவாக, மஞ்சளாக இருக்கும். கறி கறுப்பு கலந்த சிவப்பு. மற்றதைக் கடைசி நூறு நாள் பட்டியில் அடைத்து மக்காச்சோளம் போடுகிறார்கள். நடக்க இடம் கிடையாது, தீனிக்குக் குறைவும் கிடையாது. அதற்குக் கொழுப்பு வெள்ளையாக விழும், கறி மெத்தென்று ஆகும். அவர் ஹோட்டலுக்கு வேண்டியது புல் தின்றது மட்டும். உடம்புக்கு நல்லது என்று மெனுவில் போட்டு இரட்டை விலைக்கு விற்கிறார்கள்.

வருகிற சரக்கோ இரண்டும் கலந்த சரக்கு. பெட்டி மேல் ஒட்டியிருப்பதை நம்ப முடியாது. நான் தப்பாக ஒதுக்கிய நாற்பது பெட்டியில் ஒன்றுகூட பிசகாமல் அத்தனையும் புல் என்று ஷெஃப் கண்டுகொண்டார். "இந்த ஆள் பிரித்துக் கொடுத்தால் மட்டும் வாங்குவேன்," என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து புல்லுக்கு நீல முத்திரை, சோளத்துக்குச் சிவப்பு முத்திரை. இரண்டும் என் கையில். நீல முத்திரைக் கறியை ஓரக் கொழுப்பு சீவித்தான் ஹோட்டலுக்கு அனுப்புவோம்; சிவப்பு கொழுப்போடு பர்கர் கம்பெனிக்குப் போகும். வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம் என்று ரூமில் கேலி செய்தார்கள். எனக்கு அது விலங்காகத்தான் வந்து சேர்ந்தது.

என் ரூமில் இருக்கும் இன்பமணி முட்டத்துக்காரன், எங்கள் கம்பெனியில் ஃப்ரீசர் லாரி ஓட்டுகிறான். டெல்சி கேட்டதை அவனிடம் சொல்லிப் புலம்பினேன்.

"லேய், நீ வேலய ஒழுங்கா செய்யியதுதாம்ல குத்தம்," என்றான். "மாத்திக் குத்து. ஷெஃப் வந்து காறித் துப்பட்டும். கண்ணு தெரியாதவன வச்சு காக்கா என்ன செய்வாரு? அடுத்த பிளைட்ல ஏத்தி விட்டுருவாரு, கேட்டியா."

"அவரு பேரு கெட்டுப் போவும்ல."

"உனக்க பொண்டாட்டி போறாளே, அத யோசி."

யோசித்தேன். ஆகஸ்டு பதினெட்டாம் தேதி வந்த கண்டெய்னரில் மாற்றிக் குத்தினேன். வெள்ளைக் கொழுப்பெல்லாம் நீலம், மஞ்சளெல்லாம் சிவப்பு. முதல் பெட்டியில் கை கூசியது. இரண்டு வருடத்தில் ஒரு பெட்டிகூடத் தப்பாகக் குத்தியதில்லை; அதில் எனக்கு ஒரு திமிர் உண்டு. இருபதாவது பெட்டிக்குப் பிறகு கூச்சம் போய்விட்டது. அன்று ரூமுக்கு வந்து பெட்டியில் துணிகளை அடுக்கினேன். டெல்சிக்கு எடுத்து வைத்திருந்த நீலச் சேலையைத் துணிகளுக்கு மேலே வைத்தேன்.

ஆறாம் நாள் ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். உள்ளே ஷெஃப் உட்கார்ந்திருந்தார். திட்டு வாங்கப் போகிறவன் அவ்வளவு சந்தோஷமாக நின்றதை அந்த ஆபீஸ் பார்த்திருக்காது.

ஷெஃப் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். இந்தத் தடவை வந்த சரக்குபோல் எப்போதுமே வந்ததில்லையாம். வெண்ணெய் மாதிரி வெட்டுப்படுகிறதாம், சாறு நிற்கிறதாம். புல் தின்ற கறியா இவ்வளவு மெத்தென்று இருக்கிறது என்று விருந்தாளிகள் கேட்டுக் கேட்டுச் சாப்பிடுகிறார்களாம். குவைத்தில் இருக்கும் அவர்களுடைய இன்னொரு ஹோட்டலுக்கும் மாதா மாதம் இதேதான் வேண்டுமாம், இதே ஆள் பிரித்ததாக.

மஞ்சள் கொழுப்பு போன பர்கர் கம்பெனியிடமிருந்து ஒரு புகாரும் இல்லை. அங்கே எல்லாவற்றையும் அரைத்து மாட்டுக் கொழுப்போடு கலக்கிவிடுகிறார்கள்.

ஷெஃப் போனதும் காக்கா என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். எனக்கு ஆத்திரம் தலைக்கு ஏறியது. புல்லுக்கும் சோளத்துக்கும் வித்தியாசம் தெரியாத நாக்குக்காகவா நான் இரண்டு வருடம் கண்ணைக் கசக்கினேன்?

"காக்கா, அது புல்லு இல்ல," என்றேன். "அவ்வளவும் சோளம். நான் வேணும்னேதான் மாத்திக் குத்துனேன். என்ன ஊருக்கு அனுப்பிருங்க."

காக்கா என்னைப் பார்த்தார். எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். நாற்காலியில் உட்கார்ந்து, எதிரே இருந்த நாற்காலியை எனக்குக் காட்டினார். அந்த ஆபீசில் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

"இத யார்ட்டயும் சொன்னியா?"

"இல்ல." இன்பமணியின் பெயரைச் சொல்லவில்லை.

"சொல்லாத. இனிமே இப்படியே குத்து."

"காக்கா, அது பொய்யில்லா?"

"பொய்தான்." தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார். "நேத்து வரைக்கும் உன்ன அனுப்ப எனக்கு மனசு இல்ல, தம்பி. அது என் தப்பு. இப்ப அனுப்பவே முடியாது. நீ போனா, இன்னொருத்தன் வந்து உள்ளத உள்ளபடி குத்திருவான். ஷெஃபுக்குப் பழையபடி புல்லுக் கறி போவும். ஏன் மாறிச்சுன்னு கேப்பாரு. நான் என்ன சொல்ல?"

"எனக்க பொண்டாட்டி பன்னெண்டாம் தேதி போறா, காக்கா." எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவர் லாக்கரைத் திறந்து என் பாஸ்போர்ட்டை எடுத்து விரித்துக் காட்டினார். போன வாரம்தான் விசா புதுப்பித்திருக்கிறார்கள். என்னிடம் கேட்கவில்லை. இன்னும் மூன்று வருடம். "என் பாஸ்போர்ட்டும் இதுக்குள்ளதான் இரிக்கிது, பாத்துக்க," என்று அடியில் கிடந்த இன்னொன்றைத் தொட்டுக் காட்டினார். "சாவி மட்டும்தான் என்கிட்ட. முதலாளி ஆர்பாப் சொல்லாம எடுத்துட்டு நானும் போக முடியாது." சொல்லிவிட்டு இரண்டையும் உள்ளே வைத்துப் பூட்டினார்.

லேபர் ஆபீசுக்குப் போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். போயிருந்தால் முதல் கேள்வி, அந்த முத்திரையைக் குத்தியது யார் என்பதுதான்.

அடுத்த வாரம் தொழிலாளர் கேம்பிலிருந்து என்னை மாற்றினார்கள். கோல்டு ஸ்டோர் மாடியிலேயே தனி ரூம், ஏசி, மூன்று வேளையும் ஹோட்டலிலிருந்து சாப்பாடு. மற்றவர்களோடு பேச்சு வேண்டாம் என்பதற்கு அவ்வளவு மரியாதையான ஏற்பாடு. படியிறங்கினால் வேலை, படியேறினால் கட்டில்.

செப்டம்பர் பன்னிரண்டாம் தேதி டெல்சி குவைத்துக்குப் போய்ச் சேர்ந்தாள். "உங்களுக்கும் எனக்கும் நடுவுல ரெண்டு மணி நேர பிளைட்டுதானாம்," என்றாள் போனில். கார்டில் பணம் தீர்ந்து தானாகவே கட்டாகிவிட்டது.

டிசம்பர் முதல் வாரம் குவைத்துக்கு மூன்றாவது லோடு கிளம்பியது. இன்பமணிதான் சவூதி வழியாக ஓட்டிப் போகிறான். பெட்டிகளுக்கெல்லாம் நீலம் குத்தி ஏற்றிவிட்டேன். கிறிஸ்துமசுக்கு டெல்சிக்கு ஏதாவது கொடுக்கணுமா என்று கேட்டான். அந்த நீலச் சேலையைக் கொடுத்தேன்.

"வேற என்ன சொல்லணும்?"

"நல்லா இருக்கேன்னு சொல்லுல. வெயிலு படல, நேரா நேரத்துக்குச் சாப்பாடுன்னு சொல்லு."

இன்பமணி என்னை ஏற இறங்கப் பார்த்தான். இடுப்பில் ஒரு பிடி பிடித்து இழுத்துவிட்டுச் சிரித்தான்.

"மக்கா, உனக்கும் வெள்ளக் கொழுப்பு விழுந்துட்டுல."

நான் சிரிக்கவில்லை. அவன் முகமும் மாறிவிட்டது. வண்டியில் ஏறினான். லாரியின் பின்கதவை நான்தான் சாத்தித் தாழ் போட்டேன். வண்டி கேட்டைத் தாண்டியதும் வாட்ச்மேன் கேட்டை இழுத்து மூடினான். மாடியில் சாப்பாடு வந்திருப்பதாகக் கூப்பிட்டார்கள், ஏறிப் போனேன்.