அச்சன் பாடும் முதல் வரி

தொண்டையில் தூசி இறங்கிவிடக் கூடாதென்று மூக்கையும் வாயையும் முந்தானையால் இறுக்கிக் கட்டிக்கொண்டுதான் சவரியம்மாள் மட்டாஞ்சேரிக் கிடங்கில் சுக்கு புடைப்பாள். "பாண்டிப் பாட்டுக்காரி" என்று மற்ற பெண்கள் கேலி செய்வார்கள்; தமிழர் என்றால் அங்கே பாண்டிதான். செய்யட்டும். மணப்பாட்டிலிருந்து வந்த நாள் முதல் அவள் தமிழ் கலந்த மலையாளத்தில் வாயைத் திறந்தாலே மீன்காரி சிரித்தாள், படகுச் சீட்டுக் கொடுப்பவன் சிரித்தான். கோயிலில் மட்டும் ஒருவரும் சிரிக்கவில்லை. அங்கே பூசை லத்தீனில் நடந்தது. லத்தீன் அந்த ஊரில் யாருக்கும் தாய்ப்பேச்சு இல்லை. பாட்டுக்குழுவில் அவள் குரல்தான் முன்னால் போகும்.

குழுவை நடத்திய லோனன் ஆசான் குருப்பட்டத்துக்கான செமினாரியில் பாதியோடு படிப்பை விட்டவர். 'கிரேதோ' என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு ஒரு சாயங்காலம் முழுக்கப் பேசினார். நம்புகிறேன் என்று அர்த்தம். ஒருவன் கையில் ஒன்றை ஒப்படைப்பதற்கும் அதே வினைதான். கடைக்காரன் மாட்டுகிற 'கிரெடிட் இல்லை' பலகைகூட அதன் பேரப்பிள்ளை. ஆதியில் அது இரண்டு சொல்லாம்: நெஞ்சு, வைப்பது.

"நெஞ்சைக் கொண்டுபோய் ஒரு எடத்துல வெக்கணும் மோளே. வெச்சா பின்னே திரும்ப எடுக்கான் பாடில்லா, எடுக்கவே கூடாது."

ஆனால் அந்தச் சொல்லை அவள் ஒருநாளும் பாடியதில்லை. அதில் தொடங்கும் விசுவாசப் பாட்டின் முதல் வரி பூசை வைக்கும் பாதிரியாருக்கு, அச்சனுக்கு. அவர் தனியாகப் பாடி நிறுத்திய பிறகு இரண்டாம் வரியிலிருந்துதான் குழு எடுக்கும். அதுவரை அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தைந்தில் பூசை மலையாளத்துக்கு மாறியது. முதல் ஒத்திகை முடிந்ததும் ஆசான் அவளைக் கூப்பிட்டார்.

"மோள் இனி பாட்டுமாடத்துல ஏற வேண்டாம், கீழே பெண்ணுங்க கூட நின்னா போதும்."

"ஏன் ஆசானே? சுதி வெலகுதா?"

"சுதியொக்கெ சரி. பக்ஷே நின் மலையாளத்துல பாண்டி மணக்குது. ஆளுங்க சிரிக்கும்."

"லத்தீனுல எந்த ஊரு மணந்துச்சு?"

விளக்குத் திரி மாற்றிக்கொண்டிருந்த கோயில் வேலைக்காரர், கப்பியார் பைலி திரும்பிப் பார்த்தார். "அதுல மெழுகுதிரி மணந்தது பெண்ணே!"

ஆசான் ஆர்மோனியப் பெட்டியை மூடிப் பூட்டினார்.

வீட்டில் அம்மா கையைப் பிடித்துக்கொண்டாள். "ஏளா, பொழைக்க வந்த எடத்துல வம்பு வேண்டாம்."

"பொழைக்கத்தான் சுக்கு புடைக்கேன். பாட்டு அதுக்கு இல்லம்மா."

ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் முடிந்தது. இப்போதெல்லாம் ஜனங்களைப் பார்த்தே நிற்கிற அச்சன், விசுவாசப் பாட்டுக்காகப் புத்தகத்தில் பக்கம் தேடினார். சவரியம்மாள் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டாள். பெண்கள் நடுவிலிருந்து, ஒரே தேவனை நம்புகிறேன் என்கிற அச்சனின் வரியைப் பழைய லத்தீனிலேயே பாடினாள்.

"கிரேதோ இன் ஊனும் தேஊம்."

தொடங்கும்போது பிசிறிய குரல், முடியும்போது கூரையைத் தொட்டது. பின்னால் யாரோ 'ச்' கொட்டினார்கள். "அச்சன்டெ வரியாடீ அது! மிண்டாதிரி, வாயை மூடு!" என்று பக்கத்துக்காரி முந்தானையைப் பிடித்து இழுத்தாள். பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். அச்சனின் விரல் பக்கத்தின் மேலேயே நின்றுவிட்டது.

அவள் வாயை மூடிக்கொண்டாள். இரண்டாம் வரி அவளுடையது அல்ல, குழுவினுடையது. தலையைப் பின்னால் சாய்த்து மேலே பாட்டுமாடத்தைப் பார்த்தாள். அங்கிருந்தவர்கள் ஆசானைப் பார்த்தார்கள். ஆர்மோனியப் பெட்டி ஆசானின் முகத்தை மறைத்திருந்தது. காற்றடிக்கும் மிதியில் அவர் கால் மட்டும் அசையத் தொடங்குவது கீழிருந்தே தெரிந்தது. இன்னும் ஒரு கட்டையும் அழுந்தவில்லை. கோயில் முழுக்க, துருத்தியில் காற்று ஏறுகிற சத்தம்.