கஞ்சித்தொட்டி முனையில் தாய்வீட்டுச் சீர்

என் மாமியார் செல்லாயி சிதம்பரம் மார்க்கெட்டில் மீன் விற்பவள். கூடையில் மீன் இருக்கிறதோ இல்லையோ, வாயில் பேச்சு இருக்கும். அந்த மார்கழியில் பேச்சு முழுக்க ஒன்றுதான். பொங்கலுக்குக் கடலூர் சம்பந்தி வீட்டிலிருந்து தலைப்பொங்கல் சீர் வருகிறது, மருமகள் பொன்னிக்குப் பட்டு வருகிறது, வந்து பாருங்கடி! தெருவில் ஒரு வீடு பாக்கியில்லை. அந்தப் பொன்னி நான்தான். பேச்சு தொடங்கினாலே கொல்லைப் பக்கம் போய்விடுவேன்.

ஏனென்றால் அறுபத்தாறு எங்களுக்கு நல்ல வருஷம் இல்லை. ஐப்பசிப் புயலில் அப்பாவின் கட்டுமரம் உடைந்து, வலையும் போயிற்று. அரிசிக்கு ஊரெல்லாம் அலைந்த வருஷம் வேறு. இதெல்லாம் போதாதென்று, அம்மன் சீர் அந்தத் தடவை எங்கள் வீட்டு முறை.

சிவகாமி அம்மன் பர்வதராஜன் மகள். பர்வதராஜன் எங்கள் ஆள், கடலில் வலை வீசியவன். அதனால் அவள் நாங்கள் கட்டிக்கொடுத்த பெண். திருவாதிரைக்கு முதல் நாள் சிதம்பரத்தில் தேர் ஓடும்போது, கஞ்சித்தொட்டி முனையில் அம்மன் தேர் நிற்கும். தாய்வீட்டிலிருந்து பட்டும் பூவும் பழமும் தட்டில் போகும். எங்கள் குப்பத்தில் வருஷத்துக்கு ஒரு வீடு முறை வைத்துக் கொடுப்பார்கள். அப்பா தாண்டவராயன், நான் பாவாடை கட்டிய காலத்திலிருந்து தன் முறைக்காகக் காத்திருந்தவர்.

தேருக்கு முதல் நாள் கிறிஸ்துமஸ். என் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு ரயிலேறிக் கடலூர் போனேன். வீட்டுக்குள் டிரங்குப் பெட்டி மேல் மாம்பழக் கலரில் ஒரு பட்டு இருந்தது. பக்கத்தில் ஒரு நூல் சேலை. அம்மா அஞ்சம்மாளின் காதில் தோடு இல்லை. பட்டு எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டியிருக்கவில்லை.

"பட்டு அம்மனுக்காப்பா?"

"பட்டு ஒனக்கும்மா. நூல் சேல அம்மனுக்கு."

"இன்னாப்பா சொல்ற?"

"ரெண்டு பட்டு எடுக்க வக்கில்ல. அம்மன் மன்னிச்சிடுவா. ஒன் மாமியா மன்னிக்க மாட்டாங்க."

எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. கோபம்தான் நின்றது. இத்தனை காலம் காத்திருந்த மனுஷன், குப்பமே பார்க்கத் தேர் முன்னால் நூல் சேலையோடு தலைகுனிந்து நிற்பதா? அதுவும் என்னால்?

"கட்டிக் குடுத்த பொண்ண நாலு பேர் முன்னாடி இப்படியா நிக்க வைப்ப? பட்டு அங்கதான் போவுது."

"அப்ப ஒனக்கு?"

"எனக்கு அந்த நூல் சேல போதும். அத்தைய நான் பாத்துக்கறேன்."

சொல்லிவிட்டேனே தவிர, அத்தையை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று எனக்கே தெரியாது. காலம் முழுக்கக் கேட்கப்போகிற பேச்சு அப்போதே காதில் விழுந்தது. விழட்டும் என்று பட்டை எடுத்துத் தாம்பாளத்தில் வைத்தேன்.

வாசலில் லாரி வந்து நின்றது. டிரைவர் லூர்துசாமி. வருஷா வருஷம் சீரை ஏற்றிப் போவது அவர்தான். மாதா கோயில் பூசை முடிந்து புதுச் சட்டையோடு வந்தவர், தோளிலிருந்து ஒரு வாழைத்தாரை இறக்கினார்.

"பண்டிகைக்குன்னு வுட்டு வச்சிருந்தேன் மச்சான். கொல்லையில புயலுக்குத் தப்புனது இது ஒண்ணுதான். பழத்தட்டு காலியாப் போனா நல்லாவா இருக்கும்?"

"பண்டிகையும் அதுவுமா, ஒன் புள்ளைங்க வாயில மண்ணப் போடவா?"

"அதுங்க கேக்கு துன்னு வயிறு ரொம்பிக் கெடக்குது. நீ வச்சிக்க."

பொய். அந்த வருஷம் கேக் எந்த வீட்டில் இருந்தது? நான் பழத்தைச் சீப்புச் சீப்பாக அறுத்தேன்.

மறுநாள் கஞ்சித்தொட்டி முனையில் கால் வைக்க இடமில்லை. மேளத்தோடு எங்கள் ஆட்கள் தட்டேந்தி வந்தோம். முன்னால் அப்பா, பட்டுத் தாம்பாளத்தோடு. பின்னால் அம்மா பூத்தட்டோடு, நான் பழத்தட்டோடு. மாமியார் தெருப் பெண்களைக் கூட்டிக்கொண்டு முன்வரிசையில் நின்றாள். அவள் கண் நேராகப் பட்டில் விழுந்தது.

"சம்பந்தி, பட்டு ஷோக்கா இருக்குது. பொன்னிக்கும் இதே தினுசுதானா?"

அப்பாவின் கையில் தாம்பாளம் ஆடியது. அவர் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

"எனக்குப் பட்டு இல்ல அத்த. இருந்தது இது ஒண்ணுதான். அப்பா எனக்குன்னுதான் வச்சிருந்தாரு. நான்தான் அம்மனுக்கு எடுத்து வச்சேன். பேசறதுன்னா என்னப் பேசுங்க, அவர ஒண்ணும் சொல்லாதீங்க."

தெருப் பெண்கள் மாமியாரையே பார்த்தார்கள். தேர் நின்றுவிட்டது. அப்பாவின் கை இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது. மாமியார் அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு எங்கள் வரிசைக்குள் வந்தாள்.

"கை இப்படி நடுங்குனா எப்படித் தூக்கிக் குடுப்பீங்க? ஒரு பக்கம் எங்கிட்ட வுடுங்க. நானும் பர்வதராஜன் வம்சந்தான். எனக்கும் அவ பொண்ணுதான்."

அப்பா தாம்பாளத்தை மார்போடு இழுத்துக்கொண்டார். "வுடுங்கன்றேன்!" என்று ஒரு அதட்டல். ஒரு பக்கம் அவரும் ஒரு பக்கம் அவளுமாகத் தாம்பாளத்தைத் தேரடிக்குக் கொண்டு போனார்கள். தீட்சிதர் குனிந்து வாங்கினார். மாம்பழக் கலர் பட்டு அம்மன் மேல் ஏறியபோது நான் அழுதேன். யாரிடமும் மறைக்கவில்லை.

தெருப் பெண் ஒருத்தி சும்மா இருக்க மாட்டாமல் கேட்டாள். "ஏன் செல்லாயி, மருமவளுக்குப் பட்டு வருதுன்னியே?"

"வந்துச்சிடி. அதோ மேல கட்டிக்கினு நிக்கறா பாரு. மூத்தவளுக்கு மொதல்ல." மாமியார் என் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தாமலே சொன்னாள். "ஆடிக்கு மட்டும் நான் வுடமாட்டேன். ஒங்கப்பாகிட்ட இப்பவே சொல்லி வையி!"

அப்பா பக்கத்தில்தான் நின்றிருந்தார். புயலுக்குப் பிறகு அவர் வாய்விட்டுச் சிரித்தது அப்போதுதான்.