ஏரிக்கரையில் தம்பிக்கு ஒரு கல்

அந்தக் கோடையில் ஏரி வற்றியபோது சேற்றுக்குள்ளிருந்து ஒரு குண்டுவீச்சு விமானத்தின் வால் வெளியே தெரிந்தது. போர் முடிந்து நாற்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. தோண்டியவர்களுக்கு நான்கு பேரின் எலும்புகள் கிடைத்தன. அவர்களில் ஒருவன் வழிகாட்டி. வரைபடத்தை விரித்துக்கொண்டு, எந்தத் திசையில் பறக்க வேண்டும் என்று விமானிக்குச் சொல்பவன். சாகும்போது அவனுக்கு வயது இருபத்திரண்டு.

ஏரிக்கரை ஊர்க்காரர்கள் நால்வருக்குமாக ஒரு நினைவுக் கல் நட்டார்கள். மற்ற மூவருக்கும் வர ஆளில்லை. வழிகாட்டியின் அக்கா மட்டும் எல்லை தாண்டி, பஸ் மாறி மாறி வந்து சேர்ந்தாள். எல்லையின் இரண்டு பக்கமும் மொழி ஒன்றுதான். தாயில்லாத தம்பியைத் தாய்க்குத் தாயாக வளர்த்தவள். அவன் காணாமல் போன பிறகு கல்யாணப் பேச்சுக்கே பிடிகொடுக்கவில்லை. வேலை தொலைபேசி நிலையத்தில். வெளியூர் அழைப்பு வரும்போதெல்லாம் "யார் பேசறது?" என்று கேட்டுவிட்டு ஒரு மூச்சு அதிகமாகக் காத்திருப்பாள். ஓய்வு பெறும்வரை அந்தப் பழக்கம் போகவில்லை.

விழா சட்டென்று முடிந்தது. நகராட்சித் தலைவர் பேசிக்கொண்டிருக்கும்போதே தூறல் போட்டது. மைக்செட்காரர் அவர் நன்றி சொல்வதற்குள் வயரைச் சுருட்டத் தொடங்கிவிட்டார். கூட்டம் கலைந்தது. அக்கா பூக்களையெல்லாம் கல்லின் காலடியில் வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

சாலையின் மறுபக்கம் நின்றிருந்த ஒரு பெண் அருகில் வந்தாள். அவளைவிடப் பத்துப் பதினைந்து வயது இளையவள். சட்டைக் கையில் மாவு படிந்திருந்தது.

"நீங்கதான் அக்காவா?"

"ஆமாம்மா."

"எதிர்ல தெரியற அந்த பேக்கரி எங்களோடது. பழைய கடை மேலதான் இவங்க குண்டு விழுந்துச்சு. என் தங்கச்சிங்க ரெண்டு பேரும் உள்ள இருந்தாங்க. இவங்க திரும்பும்போதுதான் எங்க ஆளுங்க விமானத்தைச் சுட்டாங்க."

அக்கா கல்லைத் திரும்பிப் பார்த்தாள்.

"வழி சொல்றவராமே உங்க தம்பி?"

"ஆமாம். சின்னப் புள்ளையிலேயே எந்தச் சந்துல விட்டாலும் வீடு வந்து சேந்துடுவான். வழியே தப்பாது அவனுக்கு." சொன்ன பிறகுதான் யாரிடம் சொல்கிறோம் என்று உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"அன்னிக்கு ஒருநாள் தப்பியிருக்கக் கூடாதா?"

குரலில் கோபம் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

"நானும் அதைத்தான் நெனச்சுட்டே இருந்தேன். வழி தப்பியிருந்தா எங்கயாவது எறங்கிப் பொழைச்சிருப்பானேன்னு. ஆனா உங்க வீட்டை நெனச்சதில்லம்மா. பொய் சொல்ல மாட்டேன்."

பேக்கரிக்காரி சட்டைக் கையிலிருந்த மாவைத் தட்டிவிட்டாள்.

"தங்கச்சிங்க எங்க இருக்காங்க?"

"மேட்டுல. கல்லறைத் தோட்டத்துல."

"நான் வரலாமா?"

"உங்க இஷ்டம்."

அவள் முன்னால் நடந்தாள். அக்கா முழங்காலைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஏறினாள். இருவருக்கும் சேர்த்து ஒரே சின்னக் கல். ஒருத்திக்கு ஒன்பது வயது, மற்றவளுக்கு ஆறு. வைப்பதற்குக் கையில் ஒரு பூகூட மிச்சமில்லை. அக்கா குத்துக்காலிட்டு உட்கார்ந்து கல்லைச் சுற்றி மண்டியிருந்த புல்லைப் பிடுங்க ஆரம்பித்தாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்த பேக்கரிக்காரியும் எதிர்ப்பக்கம் உட்கார்ந்து பிடுங்கினாள். 

மழை வலுத்தது. பேக்கரிக்காரி எழுந்தாள்.

"கடையில யாரும் இல்ல. நீங்களும் கெளம்புங்க, பஸ்ஸை விட்டுட்டா நாளைக்குத்தான்."

திரும்பிப் பார்க்காமல் இறங்கிப் போனாள்.

பஸ்ஸில் கூட்டமே இல்லை. அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து நகக்கண்ணில் ஒட்டியிருந்த மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எத்தனை பேரும்மா?" என்றார் கண்டக்டர்.

"ஒருத்திதான்."