ஏழாவது சீட்டு

1953இல் எங்கள் பஞ்சாயத்துக்கு முதல் தேர்தல் நடந்தது. வேலந்தாவளத்துக்குத் தெற்கே ஏழு வார்டு, ஏழு மெம்பர்கள். நான் மூன்றாம் வார்டு மெம்பர், என் பெயர் சென்னிமலை. பிரசிடெண்டை ஜனங்கள் தேர்ந்தெடுப்பதில்லை. மெம்பர்கள் ஏழு பேரும் எங்களுக்குள் ரகசியமாக ஓட்டுப் போட்டுக்கொள்ள வேண்டும்.

எங்கள் பக்கம் நாலு பேர். அதில் ஒருவரான சென்னியப்பக் கவுண்டரைப் பிரசிடெண்டுக்கு நிறுத்தியிருந்தோம். எதிர்ப்பக்கம் சின்னையனும் அவரோடு இரண்டு பேரும். நாலுக்கு மூன்று என்பதால் காலையிலேயே மாலை வாங்கி ஈரத்துணியில் சுற்றி வைத்துவிட்டோம்.

எங்கள் நாலு பேரில் உமர் ராவுத்தர் ஒருவர். மாட்டுச் சந்தைக்கு எதிரே மூக்கணாங்கயிறும் கழுத்து மணியும் விற்பவர். கவுண்டரை நிற்கச் சொல்லி விடாமல் வற்புறுத்தியதே அவர்தான். கவுண்டருக்காக வெயிலில் வீடு வீடாக நடந்தவரும் அவர்தான். நானும் நாலாவது ஆளும் கவுண்டருக்குப் பங்காளிகள்.

பள்ளிக்கூடத்தில் ஓட்டெடுப்பு. தாலுக்காவிலிருந்து வந்த மலையாள அதிகாரி, மெல்லிய குரல்காரர், ஆளுக்கு ஒரு சீட்டுக் கொடுத்தார். இரண்டு பெயர் இருக்கும். வேண்டியவர் பெயருக்கு நேராகப் பெருக்கல் குறி போட வேண்டும். ஒவ்வொருவராக மறைப்புக்குப் பின்னால் போய்ப் போட்டுவிட்டு வந்தோம். அதிகாரி ஏழு சீட்டையும் பிரித்தார். ஒரு சீட்டை மட்டும் வெகுநேரம் பார்த்துவிட்டுத் தனியே கவிழ்த்து வைத்தார்.

"சின்னையனுக்கு மூணு. சென்னியப்பனுக்கு மூணு. ஒரு வோட்டு அசாது."

"அசாதுன்னா என்னுங்க?" என்றேன்.

"செல்லாது. சேர்க்கப் பற்றாது."

சமமாகிவிட்டதால் அவரே இரண்டு பெயரை எழுதி மடித்துக் குலுக்கி ஒன்றை எடுத்தார். சின்னையன் பெயர் வந்தது.

கவுண்டர் எழுந்தார். முகம் சாம்பலாகிவிட்டது. எங்கள் மூன்று பேரையும் பார்த்தார். இரண்டு பேர் பங்காளிகள். அவர் கண் ராவுத்தர் மேல் போய் நிற்க ஒரு நொடிகூட ஆகவில்லை.

"ராவுத்தரே, நேத்து சின்னையன் உம்ம கடைக்கு வந்தானே. எதுக்கு?"

"கயிறு வாங்க வந்தாருங்க. வேற ஒரு வார்த்தை பேசலீங்க."

"கயிறா? வேணும்னே சீட்டைக் கெடுத்துப் போட்டீரு. எங்கூட இருந்துட்டே என்ற கழுத்தை அறுத்துப்போட்டீரு!"

"அல்லா அறிய உங்க பேருக்கு நேராத்தான் போட்டேனுங்க."

நான் யோசிக்கவே இல்லை. பாய்ந்து அவர் சட்டையைப் பிடித்தேன். "பொய் சொல்றயா?" என்று உலுக்கினேன். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவரை 'நீ' என்றேன். தோள்பட்டையில் துணி டர்ரென்று கிழிந்தது. தொப்பி விழுந்தது. அவர் கையை ஓங்கவில்லை. கவுண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"விடுங்கோ அவரை!" அதிகாரி கத்தினார். அந்தக் குரல் அவருடையது என்று நம்பவே முடியவில்லை. "காட்டக் கூடாதது இது. ஆனா நிரபராதியை அடிக்கிறதைப் பார்த்துட்டு இருக்க என்னால ஆகாது."

கவிழ்த்து வைத்திருந்த சீட்டைத் திருப்பி மேஜையில் வைத்தார்.

சென்னியப்பன் என்ற பெயருக்கு நேராகப் பெருக்கல் குறி அழகாக இருந்தது. அதற்குக் கீழே நீட்டி, வால் சுழித்து, இரண்டு புள்ளி வைத்து ஒரு கையெழுத்து. எங்கள் ஊர்ப் பத்திரங்களில் எல்லாம் சாட்சிக் கையெழுத்தாக நாங்கள் பார்த்துப் பழகியது. கவுண்டருடையது.

"போட்டது இன்னாருன்னு தெரிஞ்சா அந்த வோட்டு செல்லாது" என்றார் அதிகாரி.

சின்னையன் பக்கத்து ஆட்கள்கூடச் சிரிக்கவில்லை. கவுண்டர் சீட்டைத் தொடப் போய்க் கையை இழுத்துக்கொண்டார்.

"கையெழுத்தில்லாத காயிதம் எங்க செல்லும்னு..." என்றார்.  பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

கிழிந்த சட்டையை என் கை அப்போதும் பிடித்துக்கொண்டுதான் இருந்தது. உமர் ராவுத்தர் என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டார். தொப்பியை எடுத்துத் தட்டி வைத்துக்கொண்டு வெளியே போனார்.

சாயங்காலம் கவுண்டரும் நானும் ராவுத்தர் வீட்டுக்குப் போனோம். அவர் மனைவி ஐசும்மா சட்டையைத் தைத்துக்கொண்டிருந்தாள். உட்காரச் சொல்லவில்லை. கவுண்டர் வாசலில் நின்று கையெடுத்துக் கும்பிட்டார்.

"தப்புப் பண்ணிப்போட்டனுங்க ராவுத்தரே."

"சீட்டுல கையெழுத்துப் போட்டது தெரியாமச் செஞ்சதுங்க. அதை உடுங்க" என்றார் உமர். "நாலு பேர்ல நாந்தான்னு எப்படீங்க அவ்வளவு சீக்கிரம் தெரிஞ்சுது உங்களுக்கு?"

கவுண்டர் கும்பிட்ட கையை இறக்கினார். நான் தலை நிமிரவே இல்லை.

அடுத்த சந்தை நாளில், மாட்டுத் தரகர்கள் கூடிய இடத்தில் நின்று, "எனக்கு நானே ஓட்டைக் கெடுத்துட்டு ராவுத்தர் மேல பழி போட்டேன்" என்று கவுண்டர் சத்தமாகச் சொன்னார். அவரால் அது முடிந்தது. என்னால் முடியவில்லை.

உமர் ராவுத்தர் பதவியை விடவில்லை. முதல் கூட்டத்திலேயே சின்னையனிடம் ஒன்றே ஒன்று கேட்டார்: "இனிச் சீட்டு வேண்டாமுங்க. எதுன்னாலும் கை தூக்கியே போடலாம்."

பதவிக்காலம் முழுவதும் அப்படியே நடந்தது. ஒவ்வொரு தீர்மானத்துக்கும் அவர் எங்களுக்கு முன்னால் கை தூக்குவார். குமாஸ்தா பெயரை எழுதி முடித்து, அதை வாய்விட்டுப் படித்துக் காட்டும்வரை இறக்கமாட்டார்.