ஒட்டிக்கொண்ட மாவு

தென் வியட்நாமில் எங்கள் ஃபான் ராங் சந்தையில், தாம் என்கிறவளின் அப்ப அடுப்புக்கு அடுத்தது என் கஞ்சிக் கடை. பன்னிரண்டு மண்குழிகளில் மாவை ஊற்றி அவள் சுட்டெடுக்கும் பான் கான் அப்பத்துக்கு விடியும்போதே ஆள் காத்திருக்கும். அன்றைக்கென்று ஓர் அப்பமும் குழியை விட்டு எழும்பவில்லை. கரண்டி பட்டால் பிய்ந்தது. மூன்று ஈடு வீண்.

"தாம், குழியையும் சேத்தே பேத்துக் குடு, கடிச்சுக்கறேன்" என்றார் மீன்காரர் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். இரண்டு பேர் எழுந்து போய்விட்டார்கள். தாமின் கண் கலங்கிவிட்டது.

முன்னால் குட்டி முக்காலியில் வெளியூர்க்காரி ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். குயென் என்று பெயர். வடக்கே, அரிசி மாவை ஆவியில் மெல்லிசாக விரித்துச் சுருட்டி முப்பது வருஷம் விற்றவள். வாழ்க்கையில் முதல்முறையாக, அடுத்தவர் கையால் தின்ன வேண்டும் என்றே தனியாகக் கிளம்பி வந்திருந்தாள். இறங்கிய ஊரிலெல்லாம் முன்பின் பார்த்திராத பலகாரமாகத் தேடித் தின்றாளாம்.

அவள் மாவில் விரலை விட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

"அக்கா, இது புது அரிசி. அதான் ஒட்டுது."

"வடக்கத்திக்காரி வந்து எனக்கு மாவு சொல்லித் தர்றியா? எங்க அரிசிக்காரன் பழசுதான் போடுவான்!"

"நாக்குல வச்சுப் பாருங்க. அப்புறம் திட்டுங்க."

தாம் வைத்துப் பார்த்தாள். முகம் மாறியது. "அடப்பாவி, மாத்திக் குடுத்துட்டானே!"

குயென் என் பக்கம் திரும்பினாள். "உங்ககிட்ட ஆறுன சோறு இருக்கா? உதிரியா? அரைச்சுக் கலந்தா ஒட்டாது."

ஒரு கிண்ணம் கொடுத்தேன். சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு சோற்றை அரைத்தாள்; மாவில் கலக்கினாள். தாம் குழிகளைத் துடைத்து எண்ணெய் தடவினாள். "நல்லா காயட்டும். அவசரப்பட்டா காரியம் கெட்டுச்சு" என்று அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள் குயென். பிறகுதான் ஊற்றினார்கள், மூடினார்கள். காத்திருந்தவர்கள் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள்.

தாம் மூடியைத் திறந்து கரண்டியை ஓரத்தில் விட்டாள். அப்பம் முழுசாகத் துள்ளி வந்தது, விளிம்பெல்லாம் பொன்னிறமாக. அடுத்தது. அதற்கடுத்தது. பன்னிரண்டும்! மீன்காரர் தராசுத் தட்டில் ஓங்கித் தட்டினார்.

பான் கானை இரண்டிரண்டாகத்தான் பரிமாறுவோம்; முதல் ஜோடியை மீன்குழம்பில் முக்கி, மாங்காய்த் துருவல் வைத்து, தாம் தன் கையாலேயே குயெனின் வாயில் ஊட்டினாள். மொறுமொறுப்பு உடைந்து உள்ளே வெண்ணெயாய்க் கரைந்திருக்க வேண்டும். குயென் கண்ணை மூடிக்கொண்டாள்.

"எப்படி?"

"முப்பது வருஷம் இதே அரிசியோட மல்லுக்கட்டுறேன். அதுக்கு இப்படி ஒரு ருசி இருக்குன்னு தெரியாமப் போச்சே!"

"சொன்னா நம்புவியா இனிமே, தெக்கத்திச் சாப்பாடு எப்பேர்ப்பட்டதுன்னு?"

குயென் தலையாட்டிக்கொண்டே தின்றாள். ஆறாவது ஜோடி உள்ளே போய்க்கொண்டிருந்தது. தாம் முக்காலி மேல் ஏறி நின்று, கருவாட்டுக் கடைகள் வரைக்கும் கேட்கும்படி கத்தினாள்:

"வாங்க, வாங்க! வடக்கும் தெக்கும் சேந்து சுட்டது! தீந்தா இன்னிக்குக் கிடையாது!"

முன்னே எழுந்து போன அந்த இரண்டு பேரும் முதல் ஆளாக ஓடி வந்தார்கள்.