ஹார்லன் ஸ்ட்ரோடின் தலை

வைனோனா டாக்கெட்டைத் திருடி என்று சொன்னவன் ஹார்லன் ஸ்ட்ரோட். சொன்ன இடம் பெக்கர் க்ரீக் உயர்நிலைப் பள்ளியின் சாப்பாட்டுக் கூடம். கேட்டவர்கள், பள்ளி பேண்டு வாத்தியக் குழுவில் பிள்ளைகளைச் சேர்த்திருந்த நாங்கள் எல்லோரும்.

வைனோனா ஊரில் விளம்பரப் பலகை செய்யும் கடை வைத்திருந்தாள். மகள் டீலியா குழுவில் கிளாரினெட் வாசித்தாள். கால்பந்து மைதானத்தில் பிள்ளைகள் அணிவகுத்து வாசிக்கும்போது பின்னால் நிற்கும் கோபுரம், கப்பல், பாலம் எல்லாம் வைனோனா கட்டியவை. அவற்றை ட்ரெய்லரில் ஏற்றிப் போட்டிகளுக்கு இழுத்துப்போவது என் வேலை. ஹார்லன் வீடு கட்டி விற்பவன். பெற்றோர் சங்கத் தலைவனும் அவன்தான். வைனோனாவின் வேலையைத் தன் மச்சான் கம்பெனிக்கு வாங்கிக் கொடுத்துவிட வேண்டும் என்று அவனுக்கு ரொம்ப நாளாகக் கண்.

அன்று பட்ஜெட் கூட்டம். தாடைப் பிளவும் முன்பற்களின் சந்தும் தெரியச் சிரித்து, தொப்பியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு எழுந்தான் ஹார்லன்.

"நாம வெயில்ல நின்னு பிரிஸ்கெட் கறி சுட்டு வித்த காசு இது. கப்பலுக்கு வாங்குன அலுமினியக் குழாய்ல பாதிதான் என் கண்ணுக்குத் தெரிஞ்சுது. மீதி எங்க, வைனோனா? உன் வீட்டுப் பின்னாடி புதுசா ஒரு கொட்டகை நிக்குதாமே?"

"கொட்டகை மரத்துல கட்டுனது, ஹார்லன். குழாய் எல்லாம் பாய்த்துணிக்குள்ள குறுக்கே போகுது. காத்துல சாஞ்சு எந்தப் பிள்ளை தலையிலயும் விழக்கூடாதுல்ல? வா, பிரிச்சுக் காட்டறேன்."

"ஏத்தி இறக்கறவன் நான். அந்தக் கனம் எனக்குத் தெரியும்" என்றேன்.

"வண்டி ஓட்டறவங்க வண்டியைப் பாத்தாப் போதும்" என்றான். பின்வரிசையில் சிரித்தார்கள். கையைத் தூக்கச் சொன்னான்; தூக்கினார்கள். வேலை மச்சானுக்குப் போனது.

திங்கட்கிழமை பள்ளியில் டீலியாவின் அலமாரிக் கதவில் 'திருடி மகள்' என்று யாரோ எழுதியிருந்தார்கள். அவள் கிளாரினெட்டைப் பெட்டிக்குள் வைத்து மூடினாள். பிறகு திறக்கவே இல்லை.

"என்னைச் சொன்னதைக்கூட விட்டிருப்பேன்" என்றாள் வைனோனா என்னிடம். "இதை விடமாட்டேன்."

ஆற்றுக்கு அந்தப் பக்கம் லாம்பெர்ட் பள்ளி. எங்கள் ஊருக்கும் அவர்களுக்கும் ஜென்மப் பகை. நேரே அங்கே போனாள். நானும் என் வண்டியும் கூடவே போனோம். அந்த வருடம் அணிவகுப்புக்கு அவர்கள் எடுத்த கதை, ஊரையே விழுங்கும் ஒரு பேராசைக்கார ரயில் முதலாளி. மைதானத்தின் நடுவே அவனுடைய தலை பிரம்மாண்டமாக நிற்க வேண்டும். ஆனால் அவர்களிடம் இருந்த பணத்தில் ஒரு காதுகூடச் செய்ய முடியாது.

"எனக்குக் கூலி வேணாம். சாமான் செலவையும் பாதியாக் குறைக்கறேன்" என்றாள் வைனோனா. "ஆனா மூஞ்சி எப்படி இருக்கணும்னு நான்தான் முடிவு பண்ணுவேன்."

ஏரியில் உடைந்துபோன படகுத்துறையின் தெர்மாகோல் மிதவைகளைச் சும்மா வாங்கி வந்தோம்; அவற்றைச் செதுக்கித்தான் தலை. ஏலத்தில் எடுத்த ஆஸ்பத்திரிக் கட்டில்களின் சக்கரங்கள் அடியில் போயின. பழைய விளம்பரத் துணியைத் திருப்பிப் போட்டுத் தோலாக ஒட்டினாள். கோடை முடிவதற்குள் தாடையில் ஒரு பிளவு விழுந்தது. முன்பற்களுக்கு நடுவே சந்து வந்தது. பின்னுக்குத் தள்ளிய தொப்பி ஏறியதும் நான் நாலடி தள்ளிப்போய் நின்று பார்த்தேன்.

"வைனோனா, இது அவனாச்சே!"

"எவன்? பேராசைக்காரன் மூஞ்சி கேட்டாங்க. எனக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான்."

அக்டோபரில் வட்டாரப் போட்டி. காற்று பேயாக அடித்தது. முதலில் பெக்கர் க்ரீக். மச்சான் கம்பெனி செய்த தட்டிகளுக்குக் குறுக்குச் சட்டமே கிடையாது. மைதானத்துக்கு வந்ததுமே ஆடத் தொடங்கின. நான்கு அப்பாக்கள் தட்டிகளுக்குப் பின்னால் குனிந்து கடைசிவரை பிடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய பின்புறங்கள்தான் அரங்கத்துக்கு நன்றாகத் தெரிந்தன.

அடுத்து லாம்பெர்ட். தலை முதுகைக் காட்டிக்கொண்டு உள்ளே வந்தது. டிரம்பெட்டுகள் முழங்கியதும் மெதுவாகத் திரும்பியது.  பெக்கர் க்ரீக் பக்கமிருந்தே ஒரு குரல் எழுந்தது. "டேய், நம்ம ஹார்லன்டா!"

சிரிப்பு படிக்கட்டு படிக்கட்டாக ஏறியது. தலை வாயைத் திறந்து கொடி வீசும் பெண்களை ஒவ்வொருவராக விழுங்கியது. கடைசியில் முரசு அதிர, நடுவே பிளந்து, தங்கக் காசுபோல் பூச்சடித்த தட்டுகளை உள்ளிருந்து கொட்டியது. ஹார்லன் நாச்சோ சிப்ஸ் தட்டோடு உட்கார்ந்திருந்தான். முகம் கழுத்துவரை சிவந்திருந்தது.

நேரே எங்கள் ட்ரெய்லரிடம் வந்தான்.

"அதை உடைச்சுப் போடு. இல்லாட்டி கோர்ட்டுக்குப் போவேன்."

"தாராளமாப் போ" என்றாள் வைனோனா. "ஜட்ஜ் முன்னாடி நின்னு, அந்தப் பேராசைக்காரன் நான்தான்னு உன் வாயால சொல்லு. நானும் வந்து கேக்கறேன்."

அவன் தொப்பியை முன்னுக்கு இழுத்துவிட்டுக்கொண்டான்.

"அடுத்தது மாநிலப் போட்டி. டெக்சஸ் முழுக்கப் பாக்கும். மூஞ்சியை மாத்தணும்னா, அன்னைக்கு எங்க நின்னு சொன்னியோ அங்கேயே நின்னு உண்மையைச் சொல்லு. என் பொண்ணும் இருப்பா."

சொன்னான். அதே கூடம், அதே கூட்டம். டீலியா முன்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"வைனோனா எதையும் எடுக்கலை" என்றான் தரையைப் பார்த்து. "வேலை என் மச்சானுக்குக் கிடைக்கணும்னு அப்படிச் சொன்னேன்."

"பின்வரிசைக்குக் கேக்கலை. அன்னைக்கு நல்லாச் சிரிச்சது அவங்கதான்" என்றாள் வைனோனா.

மறுபடி சொன்னான், சத்தமாக. யாரும் சிரிக்கவில்லை.

அவளும் வாக்குத் தவறவில்லை. பிளவை அடைத்தாள், பற்களை நெருக்கினாள், தொப்பியைக் கழற்றினாள். ஆனால் பெக்கர் க்ரீக் பிள்ளைகள் அவனைக் கண்டபோதெல்லாம், "தலை வருது, வழிவிடு!" என்று கத்தினார்கள். அவன் முறையிட்டபோது, "மூஞ்சியைத்தான் மாத்தித் தரேன்னேன். பாத்தவங்க கண்ணையுமா?" என்றாள். கிறிஸ்துமஸ் முடிந்ததும் அவன் பதவியை விட்டுவிட்டான்.

பெற்றோர் சங்கத்தார் பீக்கன் பருப்புப் பையோடு அவள் வீட்டுக்கு வந்து திரும்பக் கூப்பிட்டார்கள். பையை வாங்கிக்கொண்டு, வரமாட்டேன் என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

டீலியா கிளாரினெட்டை மறுபடி எடுக்கவில்லை. அந்த ஒன்றுக்கு மட்டும் வைனோனாவிடம் மன்னிப்புக் கிடையாது. இன்றும் மளிகைக் கடையில் ஹார்லன் எதிர்ப்பட்டால், தள்ளுவண்டியை அப்படியே நிறுத்திவிட்டு, அவன் வேறு வரிசைக்குத் திரும்பிப் போகும்வரை பார்த்துக்கொண்டே நிற்பாள்.