டாக்டர் சொன்னதில் பாதி

"யார் பக்கத்துச் சீக்காம்?"

மெட்ராஸிலிருந்து வந்தவர்கள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. அதற்குள் மனோன்மணி மகனைக் கேட்டுவிட்டாள். ஆறு வயதுப் பேரன் மருமகள் தயாவதியின் தோளில் துவண்டு கிடந்தான். பல் விழுந்த ஈறில் ரத்தம் இப்போதுதான் நின்றிருந்தது. முழங்கால் வீக்கம் வடியவில்லை.

பிறந்ததிலிருந்தே இப்படித்தான். காஞ்சிபுரத்தில் ஏறி இறங்காத டாக்டர் வீடு இல்லை. உடம்புச் சூடு என்றார் ஒருவர், சத்துக் குறைவு என்றார் இன்னொருவர். ரத்த வியாதிக்கென்றே மெட்ராஸில் ஒரு டாக்டர் இருப்பது தெரியவே இத்தனை வருஷம் ஆயிற்று.

அந்த மனுஷர் தயாவதியிடம் பொறுமையாகத்தான் சொன்னார். "இது ரத்தம் உறையாத பரம்பரை வியாதி. அம்மா வழியா ஆம்பளப் புள்ளைக்கு வரும். உங்க தாய்மாமன் சின்ன வயசுல ரத்தம் போயே செத்தார்னு சொல்றீங்களே, அதுவும் இதுதான் போல. யார் தப்பும் இல்லம்மா. உங்க தங்கச்சிக்கும் இருக்கலாம். கல்யாணத்துக்கு முன்னாடி கூட்டிட்டு வாங்க."

அவள் புருஷன் ஜரிகைக் கடை ஜீவகுமாருக்கு வீட்டு வாசற்படி வந்ததும் அதில் பாதி மறந்துபோயிற்று.

"இவ ரத்தத்துலதான் இருக்குதாம்மா."

பொழுது சாய்ந்துவிட்டது, ஜைன வீட்டில் இனிச் சாப்பாடு கிடையாது. தயாவதி வெறும் வயிற்றோடு பிள்ளையைப் படுக்க வைத்தாள். கூடத்துப் பேச்சு காதில் விழுந்தது.

"வம்சத்துக்கு ஒரு நல்ல புள்ள வேணும்பா. அசல்ல பொண்ணெடுத்தா இந்தச் சீக்காளிய யார் பாப்பா? இவ தங்கச்சி விஜயா இருக்கறா. அக்கா புள்ளைய அவ தள்ளிடுவாளா?"

அடக் கடவுளே! எந்த ரத்தம் ஆகாதென்றார்களோ, அதையே தேடிப் போகிறார்கள். இரண்டாம் தாரம் கூடாதென்று வந்த சட்டம் அந்தத் தெருப்பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. கணவன் வாயைத் திறப்பான் என்று தயாவதி காத்திருந்தாள். அவன் கைகால் கழுவப் போய்விட்டான்.

"காலையில தென்னேரிக்கு, உங்க அம்மா வீட்டுக்குப் போயி தங்கச்சிகிட்ட நீயே பேசும்மா. நீ சொன்னாத்தான் கேப்பா" என்றாள் மாமியார், அன்பாகவே.

"பேசறேன் அத்தே."

மறுநாள் பஸ் நிற்கும் இடத்தில் ஜீவகுமார் பூவும் பழமும் வைத்த பையை நீட்டினான். அவள் வாங்கவில்லை.

"அவகிட்ட என்னன்னு சொல்லப்போற?"

"டாக்டர் நம்மகிட்ட சொன்னத. முழுசா."

"பைத்தியமா உனக்கு? தெரிஞ்சா அவளை எவன் கட்டுவான்?"

"தெரிஞ்சுக்கினேதான நீங்க கட்டிக்க இருந்தீங்க?"

தோளில் கிடந்த பிள்ளையின் வீங்கிய காலில் யாரும் இடித்துவிடாதபடி ஒதுங்கி, அவள் பஸ் ஏறினாள்.